113 என்ற எண் யாருக்குக் கதவைத் திறக்கிறது?

நீட் முடிவு வெளியாகும் நாளில் காலடிப்பேட்டை முதல் எண்ணூர் வரை முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்க முனையும் குடும்பங்களை ஏமாற்றும் சொல் ஒன்று உண்டு: 'தகுதி'. 2025இல் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான தகுதி மதிப்பெண் 113, பொதுப்பிரிவினருக்கு 144. மொத்த மதிப்பெண் 720.

இவற்றைத் தேர்ச்சி மதிப்பெண் என்று படிப்பது பிழை. இவை பர்சன்டைல் கோடுகள். தேர்வெழுதியோரில் 40 விழுக்காட்டினரை முந்தியவர் எம் பிரிவில் 'தகுதி' பெறுகிறார். பொதுப்பிரிவில் அது 50. ஆகவேதான் 2022இல் 93ஆக இருந்த கோடு, 2023இல் 107, 2024இல் 127, 2025இல் 113 என்று ஏறி இறங்குகிறது. மாறியவை வினாத்தாளும் போட்டியிட்டோர் கூட்டமும்.

113 பெற்ற மாணவிக்கு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது. எந்த அரசுக் கல்லூரியிலும் கிடைக்காது. பின் அந்தக் கோடு யாருக்குப் பயன்படுகிறது? 144 என்பது 720இல் சரியாக 20 விழுக்காடு. அதைப் பெற்ற வசதி படைத்தவர் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தைப் பணம் கொடுத்துப் பெறலாம். பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே 20 லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. 'எஸ்.சி. கட்-ஆஃப்' என்று வகுப்பறையில் நம்மை ஏளனம் செய்வோர் இந்த 20 விழுக்காட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 பெற்ற அரியலூர் அனிதா 2017இல் நீட்டில் 86 பெற்றார். அவரை நிறுத்திய கோடு 107. ஆனால் 2023 செப்டம்பரில் முதுநிலை இடங்கள் காலியாக இருந்தபோது, ஒன்றிய அரசு எல்லாப் பிரிவினருக்கும் கோட்டைச் சுழியம் பர்சன்டைலுக்கு இறக்கியது. எதிர்மறை மதிப்பெண் பெற்றோரும் கலந்தாய்வுக்குத் தகுதியாயினர். 'தரம்' எங்கே போயிற்று?

ஆதலால் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தகுதிக் கோட்டை அல்ல. மாநிலத் தரவரிசைப் பட்டியலில் தம் பொதுத் தரவரிசையையும் இனவாரித் தரவரிசையையும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3. பொதுப் போட்டிக்குரிய 31 விழுக்காடும் நமக்கு உரியதே. அங்கு தகுதியால் இடம்பெறும் எம் மாணவரை இடஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது இந்திரா சஹானி வழக்கு தொட்டு நிலைபெற்ற சட்டம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2020ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தருகிறது. மாநகராட்சிப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளி அடங்காது. வடசென்னையில் அத்தகைய பள்ளிகளில் தமிழ்வழியில் பயிலும் துறைமுகக் கூலித் தொழிலாளியின் மகள், பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளி மாணவியைப் போன்ற வறுமையில் வாழ்ந்தும், அந்த இடங்களுக்குப் போட்டியிட முடியாது. இது நீட் விலக்கு மசோதாவைப் போல் தில்லியில் முடங்க வேண்டிய விவகாரமன்று. இயற்றியது நம் சட்டமன்றம். அந்த வரையறையைத் திருத்தும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது.