உப்பளத்துக் கண்களுக்கு யார் பொறுப்பு?

கண்புரை அறுவைச் சிகிச்சையில் உலகுக்கு வழிகாட்டிய மண் தமிழ்நாடு. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கையில் காசில்லாதவருக்கும் பார்வையைத் திருப்பித்தர முடியும் என்று செய்துகாட்டியது. 1992-இல் அதன் துணை அமைப்பாக வந்த ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லையை ஏழைக்கும் எட்டும் விலையில் இங்கேயே தயாரித்தது. ஊர் ஊராக முகாம் போட்டு, புரை விழுந்தவர்களை வண்டியில் அழைத்துப்போய், பார்வையோடு கொண்டுவந்து விடுவது இன்று நமக்குப் பழகிய ஏற்பாடு. பெருமைக்குரிய சாதனைதான். ஆனால், புரையை எடுப்பதில் காட்டிய அக்கறையில் கால்பங்கைக்கூட, காலமெல்லாம் வெயிலில் நிற்பவரின் கண்ணை முன்கூட்டியே காப்பதில் நாம் காட்டவில்லை.

கூலிங் கிளாஸ் என்றால் நமக்கு சினிமா, சுற்றுலா, கல்யாண வீட்டு போட்டோ. வரப்பில் நிற்கும் ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டால் கூட இருப்பவர்களே கிண்டல் செய்வார்கள். இந்தப் பார்வை மாற வேண்டும். வெட்டவெளியில் உழைப்பவருக்குக் கண்ணாடியும் காலுறை, கையுறைபோல வேலைக்கான கருவிதான். அதை வாங்கிக் கொடுக்கும் கடமை வேலை வாங்குபவருக்கும் அரசுக்கும் உண்டு.

சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் மிகக் கொடியதை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. மிஞ்சி வருவதில் ஒரு பகுதியைக் கருவிழி உறிஞ்சிக்கொள்கிறது. அதைத் தாண்டி வருவதில் பெரும்பகுதியைக் கண்ணின் வில்லை வாங்கிக்கொள்கிறது. விழித்திரையைக் காக்கத் தன்னைத்தானே பலிகொடுக்கும் ஏற்பாடு அது. தோல் வெயிலுக்குக் கறுக்கும், தடிக்கும். கண்ணுக்கு அப்படிப் பழகிக்கொள்ளும் வித்தை தெரியாது. ‘எங்களுக்குப் பழகிப்போச்சு’ என்று தொழிலாளர்கள் சொல்லும்போது, பழகியது கூச்சம் மட்டுமே. சேதம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

இதற்கு உறுதியான சான்று வந்தது கடல்தொழில் செய்பவர்களிடமிருந்துதான். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 பேரை ஆராய்ந்து, ஹியூ டெய்லர் தலைமையிலான குழு 1988-இல் முடிவை வெளியிட்டது. வாழ்நாளில் கண் வாங்கிய யுவி-பி என்ற வகைப் புற ஊதாக் கதிரின் அளவு இரட்டித்தால், வில்லையின் புறப்பகுதியில் விழும் புரைக்கான வாய்ப்பு 60 சதவீதம் கூடுகிறது என்று அது காட்டியது. எல்லாப் புரைக்கும் வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதுமை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. புரையால் பார்வை இழந்தவர்களில் 10 சதவீதம் வரை புற ஊதாக் கதிரால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. நம் நாட்டில் புரையால் பார்வை இழந்தவர்களின் தொகையைப் பார்த்தால், அந்தப் பத்தில் ஒரு பங்கே பெரும் கூட்டம். வெண்விழியிலிருந்து கருவிழி மேல் படரும் சதை வளர்ச்சிக்கும் வெயிலுக்கும் உள்ள தொடர்பு இன்னும் நேரடியானது. அந்தச் சதை பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்தில் வளர்வதற்குக் காரணம் உண்டு: பக்கவாட்டிலிருந்து கண்ணில் விழும் ஒளியைக் கருவிழி வளைத்து, மறுமுனையில் குவித்துவிடுகிறது.

தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு வேலை நாளை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்குகிறார்கள். ஆண்கள் வாருபலகையால் உப்பை ஒதுக்க, பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் சும்மாடு, அதற்கும் மேல் உப்புக்கூடை. உடம்பு முழுக்க மூடியிருக்கிறது, கண் மட்டும் திறந்திருக்கிறது. அகலமான விளிம்புள்ள தொப்பி, கண்ணில் விழும் கதிரைப் பாதியளவுக்குக் குறைக்கும் என்று மருத்துவர்கள் சொல்வது உண்மை. ஆனால் தலைச்சுமை தூக்குகிறவர் தொப்பியை எங்கே வைப்பார்? வைத்தாலும், இங்கே கதிர் மேலிருந்து மட்டுமா வருகிறது? காலடியில் உப்பு நீர், எதிரே வெள்ளை அம்பாரம். கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும், புதுப்பனி 80 சதவீதம் வரையும் திருப்பியடிக்கும். கீழிருந்து முகத்தில் அறையும் இந்த ஒளிக்குத் தொப்பி விளிம்பு தடையில்லை.

‘பத்து மணிக்குள் வேலையை முடித்துவிட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். வெப்பத்துக்கு அது சரியான வழி, கண்ணுக்குப் போதாது. ஜப்பானின் கனஸாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பொம்மைத் தலையின் கண்ணில் உணரியைப் பொருத்தி அளந்து பார்த்தார்கள். கோடையில் கண்ணுக்குள் அதிகக் கதிர் விழுந்தது உச்சிப்பொழுதில் அல்ல, காலையிலும் பிற்பகலிலும்தான். சூரியன் உச்சியில் இருக்கும்போது புருவமேடும் இமையும் குடை பிடிக்கின்றன. அது சாய்ந்திருக்கும்போது நேராகக் கண்ணுக்குள் பாய்கிறது. உப்பளத்தில் வேலை மும்முரமாக நடப்பதும் அந்தக் காலைப் பொழுதில்தானே!

வெப்பம் வேறு, புற ஊதா வேறு என்பது நம் மனத்தில் இன்னும் பதியவில்லை. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 மார்ச்சில் புற ஊதாக் குறியீட்டை இடம்வாரியாக அறிவித்து எச்சரித்தபோது, குளிருக்குப் பேர்போன மூணாறும் அதில் இருந்தது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். அப்படியானால் நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை பறிப்பவர்களும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தென்னிந்தியக் கோடையின் நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவது வழக்கம். கேரளத்தைப் போல நம் வானிலைச் செய்தியிலும் இந்த எண் தினமும் வர வேண்டும்.

பாதுகாப்பு என்று சொல்லி எந்தக் கண்ணாடியையாவது கொடுத்துவிட்டால் கதை கெட்டுவிடும். கண்ணாடியின் கறுப்புக்கும் புற ஊதாவைத் தடுக்கும் திறனுக்கும் சம்பந்தம் இல்லை. தடுப்புத் திறன் இல்லாத கறுப்புக் கண்ணாடியைப் போட்டால், இருட்டுக்குக் கண்மணி விரிந்து கதிருக்கு வாசலை அகலத் திறக்கும். ‘போலரைஸ்டு’ என்ற சொல்லும் எதிரொளிக் கூச்சத்தைக் குறைப்பதையே குறிக்கும். 400 நானோமீட்டர் வரை தடுக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. ‘யுவி 400’ என்று எழுதியிருப்பதன் பொருள் அதுதான். பேருந்து நிலைய வாசலில் விற்கும் கண்ணாடியில் அந்த ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம் என்பதால், கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்வது நல்லது. சிறு கருவியில் வைத்துச் சில நொடியில் சொல்லிவிடுவார்கள். ஆய்வகத்தில் அணியும் பாலிகார்பனேட் கண்ணாடி நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தாலும் புற ஊதாவை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். அதிலேயே லேசான சாயம் ஏற்றி, பக்கவாட்டையும் மூடும்படி செய்தால் உப்பளத்துக்குப் பொருத்தமானது கிடைத்துவிடும்.

ஆஸ்திரேலியா 1971-லேயே கூலிங் கிளாஸுக்கு என்று தர நிர்ணயம் வகுத்தது. வெயிலில் வேலை செய்பவர் தன் பணத்தில் வாங்கும் கண்ணாடிக்கு அங்கே வருமான வரிக் கழிவு உண்டு. நம் சட்டத்துக்கும் இந்தச் சிந்தனை புதிதல்ல. பறக்கும் துகளாலோ மிகையான ஒளியாலோ கண்ணுக்கு ஆபத்து நேரும் வேலைகளில், தகுந்த கண்ணாடி தரச் சொல்லி மாநில அரசு விதி வகுக்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு இடமளித்தது. உலைக்கும் வெல்டிங்குக்கும் முன்னால் நிற்பவரை நினைத்து எழுதியது அது. சூரிய ஒளியும் மிகையான ஒளிதான் என்று ஏற்றுக்கொள்ள என்ன தடை?

கையில் இருக்கும் வழியிலிருந்தே தொடங்கலாம். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள், பார்வைக் குறைபாடு உள்ள உறுப்பினர் கண்ணாடி வாங்க உதவித்தொகை தருகின்றன. பார்வை நன்றாக இருக்கும் உப்பளத் தொழிலாளி, மீனவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் ஆகியோரின் வெயில் கண்ணாடிக்கும் அதை நீட்டிக்கலாம். ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. உப்பு நீர் பட்டுக் காய்ந்த கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், மங்கும். மங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரப்பில் சுமையோடு நடக்க முடியாது, கழற்றி எறிந்துவிடுவார்கள். எனவே ஆண்டுக்கு ஒன்றாவது மாற்றித் தர வேண்டும். மழை ஓய்ந்து பாத்தியைச் சீர்செய்யும் வேலை ஜனவரியில் தொடங்குவதற்குள் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.