கடல்மேல் நின்ற ஆச்சி



கைப்பேசியில் நொடிக்குப் பத்துப் படம் எடுத்து, ஒன்பதை அழித்துவிடும் இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய பெட்டிக் காமிராவின் அருமை தெரிய நியாயமில்லை. சுருள் ஒன்றுக்குப் பன்னிரண்டே படங்கள். ஒவ்வொரு படமும் எடுத்தபின், பக்கத்திலுள்ள திருகைச் சுற்றி, பின்புறத்துச் சிவப்புத் துளையில் அடுத்த எண் தோன்றும்வரை பிலிமை நகர்த்த வேண்டும். மறந்துபோனால் கருவி நினைவூட்டாது. விசையை அழுத்தினால் 'டக்'கென்று தன் கடமையைச் செய்துவிடும். எடுத்த படத்தின்மேலேயே மற்றொரு படம் ஏறிவிடும். ஸ்டுடியோவில் கழுவிப் பார்க்கும்வரை இச்செய்தி எவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் 1984-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் கன்னியாகுமரி சென்றனர். இரவல் காமிரா மூத்த பேரனின் கையில். வீட்டு ஆச்சிக்கோ எழுபது வயதைக் கடந்தும் ஒரு படமேனும் கிடையாது. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்பது அக்காலத்தில் நம் ஊர்களில் பலருக்கிருந்த நம்பிக்கை. பெற்ற மகனின் திருமணத்தன்றுகூட, படம் எடுக்கும் வேளை பார்த்து அடுக்களைக்குள் நுழைந்து பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாராம். (மறையுரையில் எத்தனைமுறை சொன்னாலும் அசையாத நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று. இதற்காக நான் எவரையும் கடிந்துகொண்டதில்லை.)

விடியற்காலையில் பேரன் கரையில் நின்று கடலையும் விவேகானந்தர் பாறையையும் படம் பிடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பினான். இருண்ட வாசலின்முன் வெள்ளைப் புடைவையில் நின்றிருந்த ஆச்சி, "ஏலே, என்னையும் ஒண்ணு புடி" என்றார். அந்த உள்ளத்தில் என்ன தோன்றிற்றோ! மனம் மாறுவதற்குள் பிடித்துவிட வேண்டுமே என்ற பதற்றத்தில் அவன் திருகைத் தொடவேயில்லை. "இன்னும் ஒண்ணு, ஆச்சி" என்று கெஞ்சியும் பயனில்லை. "ஒண்ணு போதும். இருக்கிற ஆயுசுல அதுக்கு மேல குடுக்க முடியாது."

பத்து நாள் கழித்துப் படம் வந்தது. அலைகளின் நடுவே, கால் நனையாமல், ஆச்சி நிற்கிறார்! தோளருகே சிறு தோணிபோல் விவேகானந்தர் பாறை. இருட்டு பிலிமில் பதிவதில்லை. ஆகையால் விடுதி வாசல் மறைந்து, அவ்விடத்தில் காலையில் பதிந்த கடலே நின்றுவிட்டது. வெளிச்சம் பட்ட முகமும் வெண்புடைவையும் மட்டும் அதன்மேல் ஏறிக்கொண்டன. நரைத்த கூந்தல் வானத்தோடு கலந்துபோயிற்று. கடல்மேல் நடந்த இராயப்பர்கூட அஞ்சி அமிழத் தொடங்கினார். ஆச்சியின் முகத்தில் அச்சமே இல்லை. அந்தக் கடலில் 133 அடி உயர வள்ளுவர் சிலை எழுந்தது 2000-ஆம் ஆண்டில்தான். அவருக்குப் பதினாறு ஆண்டு முன்னதாகவே ஆச்சி அங்கே இடம் பிடித்துவிட்டார் என்று அவ்வீட்டார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

படத்தைக் கண்ட ஆச்சியும் வாய்விட்டுச் சிரித்தார். "இது நான் இல்லலே, அந்தோணியார் பிரசங்கம் கேக்க வந்த மீனு" என்றாராம்.

அவ்வாண்டு திருவருகைக் காலத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். சுவரில் மாட்ட வேறு படம் இல்லை. கடலை அழித்து, கூந்தலைத் தூரிகையால் வரைந்து தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். மூத்த மகனும் இசைந்தார். துக்க வீட்டுக்கு வருவோர் சிரித்துவிடுவார்களே என்பது அவர் கவலை. மருமகள்தான் மறுத்தார். "அத்தை ஒரே ஒரு படந்தான் குடுத்தாவ. அதுல யாரும் கை வைக்க வேண்டாம்." மாமியாருடன் அவர் பேசிய நாள்களைவிடப் பேசாத நாள்களே மிகுதி என்பதை ஊரறியும். ஆதலால் அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழவில்லை.

படம் அவ்வாறே மாட்டப்பட்டது. அண்மையில் வீடு மந்திரிக்கச் சென்றபோது நானும் கண்டேன். அன்று காமிரா பிடித்த பேரனுக்கு இன்று ஒரு பேத்தி இருக்கிறாள். தீர்த்தம் தெளித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "சாமி, இந்த ஆச்சிக்கு நீச்சல் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவள் தாத்தாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.