பறப்பது கருவி, பொறுப்பு யாருடையது?



பள்ளி விடுமுறை நெருங்கும் இவ்வேளையில், பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன்.

கூடாரமடித்துத் தங்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அண்மைக் காலமாகப் படுக்கை, அடுப்பு, கழிவறை யாவும் அடங்கிய கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்துச் சென்று, ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் இரண்டு மூன்று நாள் தங்கிவரும் குடும்பங்களையும் காண்கிறோம். வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால், அவ்வண்டியில் ‘ட்ரோன்’ எனப்படும், படக்கருவி பொருத்திய ஆளில்லா வானூர்தியும் இப்போது உடன் செல்கிறது.

அது வேண்டாம் என்பது என் வாதமன்று. ஆறு வளைந்தோடும் அழகை மேலிருந்து காணும் மாணவன், புவியியல் பாடத்தை மறக்கவே மாட்டான். நான் சொல்ல வருவது ஒன்றுதான். முகாமிடம் என்பது பல குடும்பங்களின் தற்காலிக வீடு. அவர்களைக் கேளாமல் அவர்கள் தலைக்குமேல் படக்கருவியைப் பறக்கவிடுவது, அண்டை வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். மேலே ஓர் இரைச்சல் கேட்கிறது. படம் எடுக்கப்படுகிறதா, எடுப்பவர் யார், அந்தப் படம் எங்கே போய்ச் சேரும் என எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஈர உடையோடு கரையேறிக் கூடாரத்துக்குள் ஒடுங்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. நம் மகிழ்ச்சிக்காக இன்னொரு குடும்பத்தின் மகிழ்ச்சி பறிபோகலாமா?

“இது வெறும் 249 கிராம் விளையாட்டுப் பொருள்தானே” என்பார் உளர். கருவியின் எடைதான் குறைவு. அதன் பார்வை குறைவன்று.

சட்டமும் இதில் மௌனமாக இருக்கவில்லை. மலேசியாவில் 2016-இல் வகுக்கப்பட்ட வான் போக்குவரத்து விதிமுறைகள், அனுமதியின்றி 400 அடிக்கு மேல் பறக்கவிடுவதைத் தடுத்தன. படக்கருவி பொருத்தியவை, இயக்குபவரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஆட்கள், வாகனங்கள், கட்டடங்கள் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியே பறக்க வேண்டும் என்றும் அவை கூறின. நெரிசலான முகாமிடத்தில் வண்டிக்கும் வண்டிக்கும் இடையே பத்து மீட்டர்கூட இருப்பதில்லை. ஆகவே, முகாமின் நடுவிலிருந்து ஏற்றுவது முறையன்று. ஆளில்லாத திறந்தவெளிக்கு நடந்து செல்வதே முறை. புறப்படுமுன் வான் போக்குவரத்து ஆணையத்தின் அப்போதைய விதிகளைப் படிப்பதும், முகாம் நிர்வாகத்திடம் அனுமதி பெறுவதும் இன்றியமையாதவை.

கருவியின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால், அது குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, புறப்பட்ட இடத்துக்கே தானாகத் திரும்பும். மேலே மரக்கிளைகள் இருந்தால் அவற்றில் மோதி விழும். காலையில் ஓரிடத்தில் ஏற்றிவிட்டு, அது பறந்துகொண்டிருக்கும்போதே வண்டியை வேறிடத்துக்கு நகர்த்தினால், அது பழைய இடத்தில்தான் இறங்கும். அவ்விடத்தில் வேறொரு குடும்பத்தின் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். வண்டிக் கூரையின் மேலிருந்து ஏற்றுவதும் தவறு. அருகிலுள்ள இரும்பு கருவியின் திசைகாட்டியைக் குழப்பிவிடும்.

விலங்குகளையும் மறக்கலாகாது. அமெரிக்காவின் சையன் தேசியப் பூங்காவில், 2014-இல், பறந்துவந்த ஒரு ட்ரோனுக்கு அஞ்சி மலையாட்டு மந்தையொன்று சிதறியோட, குட்டிகள் தாயைப் பிரிந்தன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை, தன் பூங்காக்களில் ட்ரோன்களைத் தடைசெய்ய உத்தரவிட்டது. சிலரின் பொறுப்பின்மையால் எல்லாருக்கும் கதவு அடைபட்டது. நம் காடுகளில் கூடுகட்டும் இருவாச்சிக்கும் அந்த அச்சம் பொதுவானதே.

பெற்றோரே, ட்ரோனை ஏற்றுமுன் உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு பக்கத்து வண்டிக்குச் செல்லுங்கள். “அங்கிள், அந்தத் திடலில் பத்து நிமிடம் பறக்கவிடலாமா? உங்கள் பக்கம் வராது” என்று பிள்ளையே கேட்கட்டும். வேண்டாம் என்றால், நன்றி கூறித் திரும்பட்டும். பதிவில் பிறர் முகம் தெரிந்தால், இணையத்தில் ஏற்றாமல் அழிக்கும் பொறுப்பையும் பிள்ளையிடமே கொடுங்கள். ஆசிரியர்களே, விடுமுறை முடிந்ததும் “எங்கே போனாய்?” என்பதோடு நிறுத்தாமல், “யாரிடம் அனுமதி கேட்டாய்?” என்றும் வினவுவோம்.

நன்னெறிப் பாடத்தில் ‘பிறரை மதித்தல்’ என்று கரும்பலகையில் எழுதுகிறோம். தந்தையின் கையிலுள்ள இயக்குபலகை அதற்கு நேர்மாறாக நடந்தால், பிள்ளை எதை நம்பும்?

சிந்திப்போம்.