கல் மேற்கே, கழிவு கிழக்கே



தக்கலை சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் துடைத்து வைத்த அரிசி மூட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் பூத்துவிடுகிறது. வாடிக்கையாளர் விரலால் தடவிப் பார்த்து, "பழைய சரக்கா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். பாறை ஏற்றிக் களியக்காவிளை நோக்கிப் போகும் டிப்பர் லாரிகளின் தூசி அது.

விழிஞ்ஞம் துறைமுக வேலை 2015 டிசம்பரில் தொடங்கியது. சுமார் 3 கிலோ மீட்டர் அலைத்தடுப்புச் சுவருக்குக் கடலில் கொட்டிய கல்லில் நம் மாவட்டத்துக் குன்றுகளும் சேர்த்தி. 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்தது. 2025 மே 2-ல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொழும்பில் சரக்கு மாற்றி வந்த நிலை குறைந்தால் நாட்டுக்கு லாபம்தான். துறைமுகம் வேண்டாம் என்று வியாபாரி எவனும் சொல்ல மாட்டான். ஆனால் வரவு ஒருவர் பேரேட்டில், செலவு இன்னொருவர் பேரேட்டில் என்று எழுதினால் அது என்ன கணக்கு? உடைந்த சாலையும் குவாரிக் குழியும் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பக்கத்தில்தான் எழுதப்படுகின்றன.

மழைநீரைப் பிடித்துக் குளங்களுக்கு அனுப்புவது இந்த மலையடிவாரம். நாஞ்சில் நாட்டு நெல் விற்ற கடைகளில் இன்று ஆந்திரா மூட்டை அடுக்கியிருக்கிறோம். இதற்குக் குவாரி மட்டும் காரணமல்ல. வயலை மனையாக்கி விற்றவர்களில் நம்மவர்களும் உண்டு.

இனி மறுதிசை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்த பிறகு கேரள அரசு லாரிகளை அனுப்பி அள்ளிச் சென்றது. அகப்பட்டது அது. அகப்படாதது எவ்வளவோ.

ஏன் இங்கே வருகிறது? நம் தொழிலில் இருப்பவருக்குச் சட்டென்று புரியும். முறைப்படி அழிக்கச் செலவு அதிகம். எல்லை தாண்டிக் கொட்டினால் லாரி வாடகையோடு போயிற்று. சாலைக் கடைக்குக் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிக்காரரிடம் யாராவது 'ரிட்டர்ன் லோடு' என்று நீட்டினால், டீசல் காசாவது தேறுமே என்று மனம் சபலப்படும். கொட்ட இடம் கொடுப்பவரும் உள்ளூர்க்காரர்தான். கேரளத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. 1956-ல் கோடு போட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. நம் சரக்கில் பாதி அங்கேதான் விலை போகிறது. சண்டை போட்டுக் கட்டுப்படியாகாது.

நான் கேட்பது இவ்வளவே. கடை நேரத்தில் டிப்பர் ஓடக் கூடாது, தார்ப்பாய் மூடாமல் ஓடவே கூடாது என்று சங்கம் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் உறுப்பினர்கள், திரும்பி வரும் லோடு என்னவென்று பில்லில் எழுதாமல் ஏற்றுவதில்லை எனத் தீர்மானம் போட வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதை நான் முன்மொழிகிறேன்; வழிமொழிய ஒருவராவது எழுந்து நிற்க வேண்டுகிறேன்.