ஒரு பரீட்சையோடு முடிவதில்லை

அண்மையில் ஒரு தாயார் எம்மைத் தேடி வந்தார். மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். வைத்தியராக வேண்டுமென்று இரசாயனம் எடுத்தவன் அதில் இருமுறை சித்தியடையவில்லை. ஓராண்டாக அதனை வீட்டில் சொல்லவுமில்லை. "இரவு வேலை செய்து படிப்பிக்கிறம் மாஸ்ரர், ஏன் எங்களிட்டை மறைச்சவன்?" என்று அழுதார். மகனைத் தனியே கேட்டோம். "அம்மா களைச்சு வாறதைப் பார்த்தால் சொல்ல மனம் வராது" என்றான். இருவரையும் குறைகூற எமக்கு வாய் எழவில்லை.

நாம் வளர்ந்த மண்ணில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையே பிள்ளையின் வழியைத் தீர்மானித்தது. 1970களின் தரப்படுத்தல் அந்த வாசலையும் ஒடுக்கிற்று. அந்த அச்சத்தை நாம் கடல் கடந்தும் சுமந்து வந்திருக்கிறோம். ஆனால் இங்குள்ள ஒழுங்கு வேறு.

ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கலை, விஞ்ஞான பீடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மாணவர் பொதுவாக முதலாம் ஆண்டில் நான்கு முழுப் பாடங்களைச் சித்தியெய்திய பின்னரே தமது துறையைத் தெரிவு செய்கின்றனர். ஒரே துறையில் ஆழமாகப் படிக்கலாம். இரு துறைகளை இணைத்தும் படிக்கலாம். வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்கு இடையிடையே சம்பளத்துடன் வேலை பழகும் கோ-ஒப் முறை 1957 முதல் நடைபெறுகின்றது. முதலிரு ஆண்டுகள் தேடிப் பார்ப்பதற்கான காலம் என்பதே இவற்றின் பொருள்.

வைத்தியத்துறையும் அவ்வாறே. ஒன்ராறியோவில் பெரும்பாலானோர் சில ஆண்டுகள் பட்டப்படிப்புப் படித்த பின்னரே அதற்கு விண்ணப்பிக்கின்றனர். மக்மாஸ்டர் வைத்தியக் கல்லூரி இன்ன பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. சராசரிப் புள்ளியைப் பார்க்கிறது. மனமின்றிப் படித்த இரசாயனத்தால் சராசரி விழுந்தால், வைத்தியத்துக்காக எடுத்த பாடமே அந்த வாசலை அடைத்துவிடும்.

எனவே மாணவருக்குச் சில சொற்கள். பாடம் ஒன்று கைமீறுவதாகத் தோன்றினால், தண்டனையின்றி அதனைக் கைவிடும் இறுதி நாள் கடக்குமுன் கல்வி ஆலோசகரிடம் செல்லுங்கள். அந்நாள் கடந்தபின் பெறும் புள்ளி பெறுபேற்றுப் பத்திரத்தில் பதிவாகும். அரச மாணவர் உதவிப் பணம் பெறுவோர் பாடச்சுமை அறுபது வீதத்துக்குக் குறையாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டோரும் அவ்வுதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியார். தொழில் வழிகாட்டல் நிலையத்துக்கு இறுதி ஆண்டில் அல்ல, முதலாம் ஆண்டிலேயே போங்கள். அங்கு ஆலோசனை பெறத் தனிக் கட்டணம் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "எத்தனை புள்ளி?" என்பதற்கு முன், "எந்த வகுப்புக்கு விருப்பத்தோடு போகிறாய்?" என்று கேளுங்கள். விடை உடனே வராது. இரண்டாம் முறையும் கேளுங்கள்.

அந்த மாணவன் ஆலோசகரிடம் சென்று வந்துவிட்டான். துறை இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தாயார் வேலைக்குப் புறப்படுமுன் இருவரும் மேசையில் இருந்து அதுபற்றிப் பேசுகிறார்களாம். தோல்வியைச் சொல்லக்கூடிய வீட்டிலேதான் பிள்ளை துணிந்து தன் வழியைத் தேடும்.