ஆண்டுப் பிறப்பும் ஆண்டவர் கணக்கும்

புத்தாண்டு எனின் ஜனவரி முதல் நாளையோ சித்திரை முதல் நாளையோ நினைப்பது நம் வழக்கம். கீழ்த்திசைக் கிறிஸ்தவராகிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையார்க்கோ செப்டம்பர் முதல் நாளே ஆண்டுப் பிறப்பு. இதன் வரலாறு சிந்திக்கத்தக்கது. பண்டை ரோமப் பேரரசில் வரி மதிப்பிடுதற்கென ஏற்பட்ட பதினைந்தாண்டு வட்டத்தை இண்டிக்தியோன் என்றனர். அவ்வரியாண்டு கீழை நாடுகளில் செப்டம்பரில் தொடங்கிற்று. அரசின் கணக்காண்டே பின்னர்த் திருச்சபையின் ஆண்டுமாயிற்று. விளைந்தது களஞ்சியம் சேர்ந்தபின் கணக்குப் பார்த்தல் உலகியல்பன்றோ?

1989-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையின் தலைமைப் பிதாவாயிருந்த முதலாம் திமித்ரியோஸ் என்பார் இந்நாளைப் படைப்பின் பாதுகாப்புக்காக மன்றாடும் நாளாகக் குறித்தார். 2015-இல், அந்நாளில் போப்பாண்டவராயிருந்த பிரான்சிஸ், ரோமச் சபையாரும் அன்றே மன்றாடுமாறு பணித்தார். பிற சபையார் பலர் அந்நாள் தொடங்கி, அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர் திருநாளாகிய அக்டோபர் 4 வரையில் இதனைக் கைக்கொள்ளுகின்றனர். கணக்கு நாளே படைப்பின் நாளாகவும் அமைந்தமை மிகப் பொருத்தம் என்பது என் துணிபு. ஏனெனில், நாம் இவ்வுலகிற்கு உடையவர் அல்லேம், உக்கிராணக்காரரே. உக்கிராணக்காரன் துதிபாடுவதால் மட்டும் தன் தலைவனை மகிழ்விக்க மாட்டான். கணக்கை ஒப்புவித்தல் வேண்டும்.

நம் கணக்கு யாது? யான் கும்மிடிப்பூண்டியிலிருந்து வருபவன். என் தந்தையார் அவ்வூர்த் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் வேலை செய்கின்றார். என் தாயார் மாடியில் உலர்த்தும் வெள்ளாடை மாலையில் கரித்தூள் படிந்தே கீழிறங்கும். அதனைக் கண்டு சினந்தெழுத என் எழுதுகோல் விரைகின்றது. ஆயினும், அவ்வெழுதுகோல் வாங்கிய காசும் இக்கல்லூரிக்குச் செலுத்திய கட்டணமும் ஆலைக் கூலியினின்றே வந்தன. ஆதலின், பிறர்மேல் பழி சுமத்தித் தப்புதல் எனக்கு இயலாது. ஆலைகளை மூடுக என்றும் கூறேன். பசித்த வயிறும் படைப்பின் ஒரு பகுதியே. ஆலையின் பேரேட்டில் இரும்புக்கும் கூலிக்கும் மின்சாரத்துக்கும் இடமுண்டு. கெட்ட காற்றுக்கும் நீருக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கும் இடம் எங்கே? அவற்றையும் எழுதுக என்பதே என் வேண்டுகோள்.

எழுதாத கணக்கு அழிந்துபோவதில்லை. அது அயலான் வீட்டில் கடனாக ஏறும். கொசஸ்தலையாற்றை நோக்குக. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் அதன் குறுக்கே 1944-இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் வழங்குகின்றது. அதே ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு தொழிற்பகுதியினின்று வந்த எண்ணெய் படர்ந்து, மீனவரின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கிற்று. அவ்வெண்ணெயால் ஒரு காசும் ஈட்டாதவரே அதன் கடனைச் செலுத்தினர்.

ஆத்தும இரட்சிப்பைப் பேசவேண்டிய கிறிஸ்தவனுக்கு ஆற்றைப் பற்றிய கவலை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். அவர்களை யான் ஒன்று கேட்பேன்: எந்த நீரைக்கொண்டு நாளைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்போம்? நம் திருவிருந்தின் அப்பம் வயலிலும், ரசம் கொடியிலும் விளைந்தவையல்லவோ? மண்ணையும் நீரையும் இகழ்ந்து நம் வழிபாடு நடவாது.

ஆதலின், நண்பர்களே, வரும் செப்டம்பர் முதல் நாள் நம் ஆலயத்தில், படைப்பைக் காத்தருளும் என்று பொதுப்பட மன்றாடி அமையாது, ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரியின் பெயரைச் சொல்லி மன்றாடுவோமாக. பெயர் சொல்லி மன்றாடியவன் அதனைச் சென்று காணாதிருக்க மாட்டான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். இடையில் ஒரு மாதம் உண்டு. வரத்துக்கால் எங்கே தூர்ந்துள்ளது, கழிவுநீர் எங்கே கலக்கின்றது எனக் குறித்து, ஊராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் விண்ணப்பிக்க அது போதும். ஆலைகளில் பொறுப்பு வகிக்கும் பழைய மாணவப் பெருமக்கள் தம் பேரேடுகளில் ஒரு புதிய பக்கம் திறப்பாராக. யானும் என் தந்தையாரை உடனழைத்து எங்கள் ஏரிக்கரைக்குச் செல்வேன். ஆலையைப் பற்றி என்னினும் அவர் நன்கறிவார்.

ஆண்டவர் கணக்குக் கேட்கும் நாளில் நாம் வெற்றேட்டை நீட்டாதிருக்க அவரே அருள்புரிவாராக.