முன்முடிவோடு மலையேறும் ஆய்வுகள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருணாபுரம் மலைக்கிராமம் அல்ல. நகருக்குள், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. உயிரைப் பறித்ததும் மலையில் காய்ச்சிய சரக்கு அல்ல, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால். ஆனாலும் போலீஸ் படை அதே மாவட்டத்திலுள்ள கல்வராயன் மலையில் ஏறியது. ஓடையோரப் புதர்களில் பேரல்களைத் தேடிப்பிடித்து ஊறலைக் கொட்டி அழித்தது.

‘கல்வராயன் என்றால் சாராயம்’ என்ற முன்முடிவு காவல்துறையோடு நிற்பதில்லை. ஆய்வேடுகளுக்குள்ளும் நுழைந்துவிடக் கூடியது. மதுவிலக்கு வழக்குகளைக் கணக்கெடுக்கும் ஒரு மாணவருக்கு மலைக்கிராமங்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். ‘நினைத்தது சரிதான்’ என்று அவர் எழுதிவிடுவார். ஆனால், வழக்கு எண்ணிக்கை சொல்வது சோதனை எங்கே நடந்தது என்பதை. சாராயம் எங்கே அதிகம் ஓடியது என்பதற்கு அது சான்றாகாது. தேடிய இடத்தில்தானே கிடைக்கும்? அந்த ஆய்வேடு அடுத்த சோதனைக்குக் காரணமாகும். அந்தச் சோதனை அடுத்த ஆய்வேட்டுக்குத் தரவாகும்.

1960இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர், நினைத்ததற்குப் பொருந்துவதையே தேடும் இந்தப் பழக்கத்தைச் சோதித்துப் பார்த்தார். 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவற்றுக்குப் பின்னாலுள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பலரும் 8, 10, 12 என்பது போலத் தங்கள் ஊகத்துக்குப் பொருந்தும் எண்களையே சொல்லிப் பார்த்தார்கள். விதியோ ‘ஏறுவரிசையில் மூன்று எண்கள்’ என்பது மட்டும்தான். 1, 2, 50 என்று கேட்டிருந்தால் ஊகம் அங்கேயே உடைந்திருக்கும்.

முன்முடிவைச் சோதிக்காமல் நம்பும் இந்தப் பிழைக்குக் கருணாபுரம் போன்ற இடத்தில் விலை உண்டு. ஜூன் 19 அன்று முதல் சாவுகள் வந்தபோது, கள்ளச்சாராயம் காரணமல்ல என்றே மாவட்ட நிர்வாகம் சொன்னது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். காரணத்தைத் தவறாகக் கணித்தால் சிகிச்சை தாமதமாகும்; அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மலையின் மற்ற கதைகள் இந்த ஒற்றை முத்திரைக்குள் காணாமல் போகின்றன. ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு முழுமையாக வந்ததே 1976இல்தான். நிலப்பட்டா, சாலை, மருத்துவமனை, பிழைப்பு தேடி வெளியூர் போகும் குடும்பங்கள் என்று ஆராய எவ்வளவோ இருக்கிறது. கருணாபுரச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் விசாரித்ததும் மலைமக்களின் இந்த அடிப்படை வசதிகளைத்தான்.

முன்முடிவைக் கட்டுப்படுத்த மருத்துவத்தில் ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பதிவுசெய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றிக்கொள்வதை அது கடினமாக்குகிறது. சமூக அறிவியலுக்கும் அப்படியொரு ஒழுங்கு வேண்டும். களத்துக்குப் புறப்படும் மாணவரிடம், ‘எது கிடைத்தால் உன் கருத்து தவறென்று ஒப்புக்கொள்வாய்?’ என்று நெறியாளர் எழுதி வாங்கட்டும். அந்தத் தாளை ஆய்வேட்டின் முதல் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லிப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கல்வியாண்டிலேயே உத்தரவிடலாம்.